எங்கள் மகளைப் பற்றிய டேப்

எங்கள் மகள் இறந்து ஒன்றரை வருடம் கழித்து என் கணவர் அவளைப் பற்றி ஒரு டேப் செய்தார். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே கதை. ஆனால் அதில் பாட்டு கிடையாது, ஒரு சொல் கிடையாது. கீபோர்டின் சத்தம் மட்டும்தான்.

அவருக்கு ரேடியோ ரிப்பேர் தொழில். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம் என்று வந்தால் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பார். துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கியது அந்தச் சின்னக் கீபோர்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் அது பெரிய அதிசயம். ஒரு பொத்தானை அமுக்கினால் வயலின், இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல். எங்கள் மகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து எல்லாக் கட்டையையும் ஒன்றாக அமுக்குவாள். அவர் திட்டவே மாட்டார்.

அவளுக்கு இரண்டு வயது முடிந்த பங்குனியில் புதூர்ப் பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம், நானும் அவளும். போன இடத்தில் காய்ச்சல் கண்டது. அங்கிருந்த கம்பவுண்டர் போட்ட ஊசிக்குக் குறையவில்லை. பஸ்காரரிடம் என் கணவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொடைக்கு வாசிக்கப் போயிருந்தார். சேதி கிடைக்க ஒரு நாள் பிந்திவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளையால் தலையைத் தூக்க முடியவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

பஸ்ஸுக்குள் மிளகாய் மூட்டையும் ஆளுமாக நெருக்கம். முன்னால் பெண்கள் பக்கம் எனக்கு இடம் கொடுத்தார்கள். அவர் பின்வாசலில் தொங்கிக்கொண்டு வந்தார். பிள்ளை என் ரவிக்கை ஓரத்தைப் பிடித்திருந்தாள். விளாத்திகுளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தப் பிடி விட்டுப்போனது. மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்: "புள்ள தூங்குதாம்மா?"

"ஆமா. இப்பதான் தூங்குனா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ விதமாக எனக்கு நானே பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னால் அந்தக் கரிசல் காட்டில் எங்களை இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று பயந்தது ஒன்று. அது மட்டும் இல்லை. பஸ் ஓடுகிற மட்டும் என் மடியில் இருப்பது தூங்குகிற பிள்ளை. நின்றால் அது இல்லாமல் ஆகிவிடும். வெயில் படாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்து வந்தேன்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் ரிக்‌ஷா தேடி ஓடினார். நின்ற ஒரு வண்டிக்காரர் அதற்குள் வேறு சவாரி ஏற்றிவிட்டார். இன்னொரு வண்டிக்கு ஆளைக் காணோம். டீக்கடைக்கும் வாசலுக்குமாக ஓடினார். கால் மணி நேரம் இருக்கும். பிள்ளையைத் தன்னிடம் தரச் சொன்னார். நான் தரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார்.  பஸ்ஸிலேயே போய்விட்டது என்று நான் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் வாயிலிருந்து பிள்ளையின் பேச்சே வரவில்லை. அவருடைய அம்மா, என் கொழுந்தனார் வீட்டில் இருந்தவர், வருகிற போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார். கொடைக்கு வாசிக்கப் போகாமல் இருந்திருந்தால் ஒரு நாள் முந்தியே பிள்ளையைக் கொண்டுவந்திருக்கலாமே என்பார். என் கணவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

அடுத்த வருடம் ஆவணி வாக்கில், மத்தியானம் சாப்பிட வந்தவர் கடைக்குத் திரும்பாமல் உள்ளறையில் கீபோர்டோடு உட்கார ஆரம்பித்தார். நான் முன்னறையில் கூலிக்குத் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும். இரண்டு டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார். ஒன்றில் பதிந்ததை ஓடவிட்டு, அதன் கூடவே வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றதில் பதிவார். கீபோர்டின் சத்தத்தை நேராக எடுக்க மாட்டார். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காத பழைய வால்வு ரேடியோ ஒன்று கிடந்தது. அதன் வழியாக விட்டு, அந்த ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்து எடுப்பார். இருபது முப்பது வருடத்துக்கு முந்தி வந்த சத்தம் போல, தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"இந்தப் புதுச் சத்தம் எப்பவும் சிரிச்ச முகமாவே இருக்கு. அது எனக்கு வேண்டாம்" என்றார்.

கார்த்திகையில் முடித்தார். அட்டையில் அவர் கையெழுத்தில் நான்கு பெயர்கள். முதல் பக்கம்: காய்ச்சல், பஸ். இரண்டாம் பக்கம்: பஸ் ஸ்டாண்ட், வார்டு. கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடைக்காரர் அவருக்குச் சேக்காளி. அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் கேட்டுவிட்டு, பேய்ப்படத்துக்கு வேண்டுமானால் ஆகும் அண்ணாச்சி, கடையில் போட்டால் வருகிற ஆளும் போய்விடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னார்.  பிறகு, "நீ ஒரு தடவ கேளு" என்றார்.

கேட்டேன். காய்ச்சல் என்பது உச்சத்தில் நடுங்கிக்கொண்டே நிற்கும் ஒரே சுரம். பஸ்ஸில் அடியில் என்ஜின் உறுமல். அதற்கு மேலே ஏறி இறங்கும் இரண்டே இரண்டு சுரம். அது என்ன என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் மூச்சு. அது பஸ் முழுக்க வந்தது. பக்கம் முடிகிற வரைக்கும் வந்தது. 

டேப்பைத் திருப்பிப் போட்டார். பஸ் ஸ்டாண்டில் மூன்று நான்கு சத்தங்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஓடின. நடுவில் அந்த மூச்சு குறையும், நிற்கும், மறுபடி எடுக்கும். ஓட்டம் கூடக் கூட அது மெலிந்துகொண்டே போய், ஓரிடத்தில் நின்றுவிட்டது. அவரைப் பார்த்தேன். பெருவிரலால் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கால் மணி நேரத்தில்தான் தன் பிள்ளை செத்தாள் என்று ஒன்றரை வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது அங்கன இல்லங்க" என்றேன்.

"எது?"

"அவ மூச்சு. விளாத்திகுளம் தாண்டி வரும்போதே நின்னுட்டு."

டேப்பை நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரவிக்கையை விட்ட கை, பக்கத்து அம்மாள் கேட்டது, நான் சொன்ன பொய், எல்லாம். அவர் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அப்ப நான் யாருக்காகட்டி அந்த ஓட்டம் ஓடுனேன்?" என்று கேட்டார். சத்தமே இல்லாமல் கேட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், கடைக்குப் போனார். என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விட்டாலும் சரிதான் என்றும் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டதால் எனக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அது எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "எந்த இடத்துல?" என்று கேட்டார். வரிசையாகப் பனை நிற்கும், ஆடுகள் குறுக்கே வந்து டிரைவர் ஹாரன் அடித்தார் என்றேன். உள்ளறைக்குக் கூட்டிப் போய் டேப்பை ஓடவிட்டு, எங்கே என்று சொல்லச் சொன்னார். என்ஜினும் மூச்சுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கையைத் தூக்கினேன். நிறுத்தினார்.

அங்கிருந்து மறுபடி பதிந்தார். என்ஜின் மட்டும். அத்தனை நேரம் ஒரே கட்டையை விரலால் அமுக்கிப் பிடிக்க முடியாது என்று, ஒரு தீக்குச்சியை இடுக்கில் செருகி நிறுத்தினார். ரேடியோ உறுமிக்கொண்டே இருந்தது. செய்வதற்கு வேறு வேலை இல்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பஸ்ஸில் அன்றைக்கு நான் தனியாக வந்தேன். இன்றைக்கு அவரும் கூட வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையைப் புதைத்த அன்றைக்குக்கூட அப்படி வாய்விட்டு அழுததில்லை. மைக் அதையும் எடுத்துக்கொண்டது. அழித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இரண்டாம் பக்கத்தை அழித்துவிடுவார் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தார், அந்த மூச்சு இல்லாமல். எதற்கு என்று கேட்டதற்கு, "நான் ஓடுனது நெசந்தான. அது இருக்கட்டும்" என்றார்.

அந்த டேப்பை வேறு யாரும் கேட்கவில்லை. அவர் அதன் பிறகும் கொடைகளுக்கு வாசித்தார். பின்னால் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான்.

டேப் முடிந்து வந்த முதல் பங்குனியில், பிள்ளை இறந்த நாளன்று அவர் அம்மா வந்திருந்தார். இலையில் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஆரம்பித்தார்: "ஏலே, நீ ஒரு நாள் முந்திப் போயிருந்தேன்னா..."

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "புள்ள பஸ்லயே போயிட்டும்மா. விளாத்திகுளம் தாண்டி. இவ மடியிலதான். ஊரு வந்து சேருற வரைக்கும் இவ ஒத்தையில வச்சிட்டிருந்திருக்கா."

மாமியார் என்னைப் பார்த்தார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. என் கையிலிருந்த சாதச் சட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "நீயும் உக்காரு தாயி" என்று எனக்கு ஒரு இலை போட்டார்.