'பார்க்கலாம்' என்று ஓர் உத்தரவு

நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற என் போன்றவனின் எதிர்வீட்டுக்கு வழக்கு வருவது, பல் டாக்டரின் பக்கத்து வீட்டில் பல்வலி வந்த மாதிரி. ஓசி ஆலோசனையிலிருந்து தப்ப முடியாது.

எதிர்வீட்டுப் பெண் கணவனைப் பிரிந்து, மகளோடு அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கணவனுக்கு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், அச்சுகளில் களிக்குழம்பு ஊற்றும் வேலை. குழந்தை அம்மாவிடம் இருக்கும், செலவுக்கு அப்பா மாதாமாதம் கட்ட வேண்டும், ஞாயிறு காலைகளில் அவர் குழந்தையை 'அம்மா வீட்டில் பார்க்கலாம்' என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது.

முதல் ஞாயிறு அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். கைகளைச் சோப்புப் போட்டுச் சிவக்கத் தேய்த்திருந்தான். பெண்ணின் அப்பா, பெண்ணாடம் பக்கம் கரும்பு போடுகிறவர், கேட்டைத் திறக்கவில்லை. பேத்தியை ஜன்னலில் தூக்கிக் காட்டினார்.

“பாத்துட்டியா? கெளம்பு.”

“மாமா, ஒரு தடவ தூக்கிட்டுக் குடுத்துடறேன்.”

“பாக்கலாம்னுதான் ஆர்டர்ல இருக்குது. தூக்கலாம்னு இருக்குதா?”

“மாசா மாசம் பணம் கட்டறனே மாமா.”

பணம் கட்டினால் பிள்ளையைப் பார்க்கலாம், கட்டாவிட்டால் முடியாது என்று எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தில்தான் அது இல்லை. அங்கே இரண்டும் தனித்தனி.

சில ஞாயிறுகள் இப்படியே போயின. பிறகு அவன் என் வீட்டுக்கு வந்தான்.

“வேற யாரையோ பாக்கற மாதிரி பாக்குது சார். இன்னும் கொஞ்ச நாள் போனா என்ன மறந்துடும்.”

விளக்கம் கேட்டு மனு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், பதிலுரை, வாய்தா. எல்லாம் எனக்கு மனப்பாடம். அது முடிவதற்குள் குழந்தை ஹைஸ்கூல் போய்விடும் என்பதும் மனப்பாடம். செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு தெருவைக் கடந்தேன்.

“வாங்க சார். நீங்களே சொல்லுங்க, பாக்கறதுன்னா என்னா?” என்றார் பெரியவர்.

“நீங்க சொல்றதுதான் சரிங்க. ஆர்டர எழுத்துப்படிதான் எடுத்துக்கணும்.”

அவர் முகம் மலர்ந்தது.

“அதே எழுத்துல உங்க பேரு எங்க இருக்குதுன்னு காட்டுங்க. கேஸ்ல தரப்பு உங்க பொண்ணும் அவரும்தான். நீங்க கேட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கலாம்னு ஒரு வரியும் இல்லீங்க. அப்புறம் 'வீட்டில்'னு இருக்குது. ரோடு எப்பங்க வூடாச்சு?”

பெரியவர் கேட்டின் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்தார். உள்ளேயிருந்து பெண் வந்தாள்.

“நவுருங்கப்பா.”

கேட்டைத் திறந்தாள். கணவன் முகத்தைப் பார்க்காமலே, “செருப்ப வெளியிலியே வுடுங்க” என்றாள்.

அவன் மண்டியிட்டுக் கையை நீட்டினான். குழந்தை அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“எங்கப்பா கை வெள்ளையா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

அவன் தன் சுத்தமான கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கும் மனு உண்டு என்று நம்புகிறவன் நான். இதற்கு இல்லை.

அடுத்த ஞாயிறு அவன் ராத்திரி ஷிப்டு முடிந்து கை கழுவாமல் நேரே வந்தான். முழங்கை வரை வெள்ளைக் களி காய்ந்து வெடித்திருந்தது. குழந்தை வாசற்படியில் நின்று அந்தக் கைகளைப் பார்த்தது. பிறகு ஓடிவந்தது.

அவன் போன பிறகு பெரியவர் தெரு கேட்கக் கூப்பிட்டார். பேத்தியின் நீலக் கவுனின் முதுகில் இரண்டு வெள்ளைக் கைகள்.

“சார்! கவுனப் பாழாக்கலாம்னு ஆர்டர்ல இருக்குதா?”

“அதுக்குத் தனியா மனு போடணுங்க” என்றேன். “ஆனா நீங்கதான் தரப்பு இல்லியே.”