மாமி வீட்டு டயல் பெட்டி

பத்து வயதில் எனக்கு ஊரெல்லாம் பெயர். ஊர் என்றால் நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கிற அம்மருட். அதிலும் எங்கள் மாடிக்கட்டடமும் பக்கத்துக் கட்டடமும் மட்டும். மொத்தம் ஒன்பது தமிழ் வீடுகள். ஒன்பதிலும் தொலைபேசிக்கும் சுவருக்கும் நடுவில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு டயல் பெட்டி இருந்தது. இலங்கைக்கு மலிவாகக் கதைப்பதற்கு ஏதோவொரு கொம்பனி கொடுத்தது. நாங்கள் வழமை போல 00 என்று தொடங்கி நம்பரை அடித்தால் போதும். பெட்டி முதலில் கொம்பனியின் நம்பரைத் தானே அடித்து, பிறகு எங்கள் நம்பரை அனுப்பிவிடும். பச்சை விளக்கு எரிந்தால் சுகம். எரியாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள்.

பெட்டியோடு வந்த புத்தகம் நோர்வேஜிய மொழியில் இருந்ததுதான் காரணம். பெரியவர்கள் மொழி வகுப்புக்குப் போனவர்கள்தான். ஆனால் அங்கே படிப்பித்தது பாண் வாங்கவும் வைத்தியரிடம் வயிற்றுவலி சொல்லவும். நான் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். மின்வயரைக் கழற்று, பத்து வரை எண்ணு, திரும்பச் செருகு. சரிவராவிட்டால் பின்பக்கப் பொத்தானை விளக்கு மூன்று தரம் மினுங்கும் வரை அமத்திப் பிடி. அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஓட்டைகளையும் பார்: ஒன்று சுவருக்கு, ஒன்று தொலைபேசிக்கு. வயரை மாறிச் செருகினால் பெட்டி செத்துப்போய்க் கிடக்கும். நோர்வேக்குள் கதைக்கலாம், வருகிற அழைப்பும் வரும். 00 அடித்தால் மட்டும் கூ கூ என்று கத்தும். காசு ஏறிவிடும் என்று, பெட்டியைத் தாண்டி நேரே வெளிநாட்டுக்குப் போகும் வழியை எல்லா வீட்டிலும் மறித்து வைத்திருந்தார்கள்.

ஒரு பெட்டிக்குச் சுடச்சுடப் பொரித்த இரண்டு ரோல்ஸ் என் சம்பளம். தலைக்கனத்துக்குக் குறைவில்லை. நான் சோபாவுக்குப் பின்னால் புகுந்தால் அந்த வீட்டில் ஒருவரும் கதைக்கக் கூடாது.

அப்பாவின் அக்கா, என் மாமி, எங்கள் கட்டடத்திலேயே ஒன்பதாம் மாடியில் இருந்தா. மாமியின் ஒரே மகன், எனக்கு மச்சான், மன்னாரில் மாமாவின் தம்பி வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிடுகிற பேப்பர்கள் இழுபட்டு இழுபட்டு ஏழு வருடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கொமினிக்கேசன் கடையில் வந்து காத்திருப்பான். எங்களுக்குப் பகல் ஒரு மணிக்கு மாமி அந்தக் கடைக்கு ஃபோன் எடுப்பா. நானும் நின்றால் என்னோடும் ஒரு நிமிடம். "உங்கை பனி கொட்டுதோ?" என்று ஆடி மாதத்திலும் அதே கேள்விதான் கேட்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்தவன் சூட்டுக்கு நடுவில் அகப்பட்டு, றோட்டிலேயே செத்துப்போனான். யார் சுட்டது என்பதற்கு இரண்டு கதை உண்டு. இரண்டிலும் அவன் செத்துத்தான் போகிறான்.

அங்கத்தைய சேர்ச் ஃபாதர் மாமி வீட்டுக்கு எடுக்காமல் எங்கள் வீட்டுக்கு எடுத்தார். மாமிக்கு அப்போது ஏழு மாதம். மச்சானுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இதுவாவது தங்க வேண்டும், இரத்த அழுத்தம் ஏறினால் தாய்க்கும் ஆபத்து, படுத்தே கிடக்க வேண்டும், எழும்பித் திரியக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அன்று பின்னேரம் அப்பாவும் மாமாவும் கீழே வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் காருக்குள் இருந்ததை ஜன்னலால் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் உள்ளே மூச்சுப்புகார் படிந்து வெளுத்துவிட்டது. கார் ஸ்ரார்ட் ஆகவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

பிள்ளை பிறக்கும் வரை மாமிக்குச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. எங்கள் ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கர்ப்பிணியிடமும் நோயாளியிடமும் சாவை மறைப்பது எங்களுக்கு மருந்து கொடுப்பது மாதிரி. ஆனால் அதற்கு முதலில் அந்தப் பெட்டி பழுதாக வேண்டும். தொலைபேசியையே வெட்டினால் மருத்துவிச்சி எடுக்க முடியாது, அவசரத்துக்கு மாமியும் ஆஸ்பத்திரிக்கு எடுக்க முடியாது. அதனால் மாமா, மாமி குளியலறையில் இருந்த நேரம் பார்த்து, வயர் இரண்டையும் மாறிச் செருகினார். கொம்பனிக்காரர் புதுப்பெட்டி அனுப்புவினமாம் என்றார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வெளியே போய்வந்து, வேலையிடத்து ஃபோனில் எடுத்ததாகச் சொல்வார். மகன் சுகமாம். கணக்குச் சோதனை சரியான கஷ்டமாம். மயிர் வெட்டினவனாம், வடிவில்லையாம். அந்த மயிர் வெட்டின கதையை மனுசன் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் யோசனை. செத்த பிள்ளைக்குக் கிழமைக்கொரு புதுச் செய்தி தேட வேண்டியிருந்தது அவருக்கு. மாமி திருப்பித் திருப்பிக் கேட்பா, மாமா திருப்பித் திருப்பிச் சொல்வார்.

கட்டடத்தில் விசயம் தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒன்று மாமி, மற்றது, வாயில் ஒன்றும் தங்காத நான். எனக்கிருந்த ஒரே கவலை, என்னை ஏன் கூப்பிடவில்லை என்பது. நானாகப் போய்க் கேட்டதற்கு மாமா, "நீ அதிலை கைவைக்கப்படாது" என்று பல்லைக் கடித்தார். ஒன்பது வீட்டுப் பெட்டியைத் திருத்தினவளுக்கு இப்படி ஒரு அவமானம்! நான் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஐந்தாம் ஞாயிறு மாமா, அப்பா, அம்மா, மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் வெளிக்கிட்டார்கள். சேர்ச்சில் ஏதோ கூட்டமாம். மாமிக்குத் துணையாக என்னை விட்டுவிட்டுப் போனார்கள். மச்சானின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு என்னைக் கொண்டுபோனால் நான் வந்து உளறிவிடுவேன் என்று பயம். அதனால்தான் மாமியோடு விட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

ஒரு மணி ஆனது. மாமி சோபாவில் சாய்ந்தபடி தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அஞ்சு கிழமையாச்சு பிள்ளை அவன்ரை குரலைக் கேட்டு. ஒருக்கா இந்தச் சனியனைப் பாரன்."

"தொடக்கூடாதெண்டு மாமா சொன்னவர்."

"மாமாவுக்கு நான் சொல்லுறன். நீ பார், என்ரை குஞ்செல்லே."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வயர் மாறியிருந்ததைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த விசரர் இப்பிடிச் செருகினது?" என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். "வேறை ஆர், உன்ரை மாமாதான்" என்று மாமியும் சிரித்தா. மாற்றிச் செருகினேன், பத்து வரை எண்ணினேன். பச்சை எரிந்தது. மாமி என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினா. அந்த நம்பர் மாமிக்குப் பாடம்; அவ சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நாலாம் தரம் அடித்தபோது மணி போனது.

கடைக்காரர் எடுத்தார். "ஒஸ்லோவிலையிருந்து கதைக்கிறன். ஞாயிறிலை வாற அண்ணாவைக் கூப்பிடுங்கோ, அவரின்ரை அம்மா நிக்கிறா" என்று பெரிய மனுசி மாதிரிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதாக்கும் என்று நான் பார்க்கும்போதே மாமி ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிவிட்டா.

"தம்பி, அவன் வந்திட்டானோ?"

பிறகு மாமி கேட்டுக்கொண்டே இருந்தா. இடைக்கிடை, "ஆர்?" "எப்ப?" என்றா. நிறைய நேரத்துக்குப் பிறகு, "ஓம் தம்பி." திரும்பவும், "ஓம். அவர் சொன்னவர். எனக்குச் சொன்னவர்தான்." அப்புறம், மிகவும் மெல்ல, "இண்டைக்கோ முப்பத்தொண்டு? ஓம்... இஞ்சையும் எல்லாரும் பூசைக்குத்தான் போயிருக்கினம்."

பூசைக் கதை எனக்குச் சலிப்பு. ரோல்ஸ் இருக்கிறதா என்று குசினிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மாமி ரிசீவரை மடியில் வைத்திருந்தா, மற்றக் கை வயிற்றில். ரிசீவர் கூ கூ என்று கத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டா. ஒரு கோப்பை முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தா.

"பிள்ளை, வயரை முந்தி இருந்த மாதிரியே செருகி விடு."

எனக்கு விளங்கவில்லை. "இப்ப சரியாத்தானே இருக்கு மாமி?"

"முந்தி இருந்த மாதிரி. மாமாவுக்குச் சொல்லாதை."

திருத்தின பெட்டியைத் திரும்பப் பழுதாக்கச் சொன்ன வீடு அது ஒன்றுதான். என் கையாலேயே அந்தப் பச்சை விளக்கை அணைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆத்திரத்தில்.

ஏன் அப்படிச் செய்தா என்று பல வருடம் கழித்து அம்மா சொன்னா. மாமா நாலு கிழமையாக எதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார் என்று மாமிக்கு அந்த ஒரு அழைப்பில் தெரிந்துவிட்டது. தான் அழத் தொடங்கினால் வயிற்றில் இருப்பதும் போய்விடும், அதோடு அந்த மனுசனும் முடிந்துவிடுவார் என்று பயந்தாவாம். அதனால் பிள்ளை கிடைக்கும் வரை தெரியாதவள் மாதிரியே இருந்துவிடலாம் என்று, நான் குசினிக்குள் போய்வந்த அந்த நேரத்துக்குள் முடிவெடுத்துவிட்டா. பிள்ளை தங்கியது. மாதம் நிறைந்து பிறந்தான் தம்பி. ஆனால் மாமியின் அந்த முடிவு ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. நிற்க நான் விடவில்லை.

எல்லாரும் திரும்பி வந்தார்கள். அம்மாவின் கண் சிவந்திருந்தது. மாமா சப்பாத்தைக் கழற்றாமலே மாமிக்குப் பக்கத்தில் வந்து நின்று, வரும் வழியில் எடுத்துக் கதைத்ததாகச் சொன்னார். மகன் சுகமாம். காய்ச்சல் வந்து மாறிவிட்டதாம்.

"இப்ப சுகம்தானே?" என்றா மாமி. "பெட்டிதான் இன்னும் சரிவரேல்லை. கொம்பனிக்காரர் புதுப்பெட்டியை எப்ப அனுப்புவினமாம்?"

அம்மா உடனே என் பக்கம் திரும்பினா. "நீ அதிலை கைவைச்சனியோ? உள்ளதையும் பழுதாக்கிப் போட்டியோ?"

அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம். "நான் பழுதாக்கேல்லை! நான் திருத்தினனான். பச்சை எரிஞ்சது. மாமி பொய் சொல்லுறா. மன்னாருக்குக் கதைச்சவா, எவ்வளவு நேரம் கதைச்சவா, ஓம் ஓம் எண்டு! பிறகு அவாதான் என்னைக் கழட்டச் சொன்னவா!"

மாமா மாமியைப் பார்த்தார். மாமி அவரைப் பார்த்தா. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது யாராவது மன்னிப்புக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். லிஃப்ட் கீழே எங்கேயோ நின்றது. அது மேலே வருவதற்குள் உள்ளேயிருந்து மாமாவின் சத்தம் கேட்டது. மாமா அமைதியான மனுசன். அப்படி அடித்தொண்டையால் கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பொய் சொன்னதற்கு மாமிக்கு ஏச்சு விழுகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. நல்லா வேணும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போல, காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன்.