உன்னுது தான் வேணும், மெர்சி

வூடு வூடா கதவைத் தட்டி சர்வே எடுக்கற சக பாவிகளே, நீங்கல்லாம் ஜனங்ககிட்ட பேரும் போன் நம்பரும் கேட்டு திட்டு வாங்கறீங்க. நான் மலம் கேட்டு வாங்கறேன். வளர்ற பசங்க குடல்ல இருக்கற கிருமிக்கும் மனச்சோர்வுக்கும் சம்பந்தம் இருக்கான்னு ஒரு ஆராய்ச்சி. ஏசி ரூம்ல ஆராயறது டாக்டருங்க. டப்பா தூக்கறது நானு. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் என் ஏரியா.

ஷேர் ஆட்டோவுல ஐஸ் பெட்டி

காத்திவாக்கத்துல சாம்பிள் வாங்கி, ஐஸ் பெட்டியில போட்டு, மடியில வச்சுகினு ஷேர் ஆட்டோல வரேன். பக்கத்துல ஒரு மீன்கார அக்கா. கண்ணு பெட்டி மேலயே கீது. "இறாவா?" "இல்லக்கா." "நண்டா?" "இல்லக்கா." மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல. மூடி மேல கை வச்சுட்டாங்க. வேற வழி இல்லாம விஷயத்தைச் சொன்னேன். ஆட்டோவுல இருந்தவங்க எல்லாரும் ஒரு ஓரமா ஒதுங்கிட்டாங்க. அக்கா மட்டும் நகரல.

"அடிப்பாவி! எங்க மீனு ஐஸ் இல்லாம நாறிகினு கீது, இதுக்கு ஐஸா?"

வூட்டு மானம்

ராயபுரத்துல மெர்சின்னு ஒரு பொண்ணு, பன்னெண்டாவது. ஸ்கூலுக்குப் போறதில்ல, சோறு எறங்கறதில்ல, செவுத்தைப் பாத்துகினு படுத்துக் கெடக்கும். பாத்ததும் எனக்கு பகீர்னுச்சு. எங்க டீம்ல மனநல டாக்டரம்மா ஒருத்தங்க உண்டு. ஆராய்ச்சியில சேத்துட்டா அவங்க கண்ணுல காட்டிடலாம்னு டப்பாவைக் குடுத்துட்டு வந்தேன்.

மறுநாள் அவங்கம்மா டப்பாவை நீட்டினாங்க. ஸ்பூன் அளவு கேட்டா, விளிம்பு வரைக்கும் ரொப்பி வச்சிருக்காங்க! இன்னா இதுன்னு கேட்டேன். பெருமையா சொன்னாங்க:

"மெர்சிக்கு சரியா போறதில்ல. பெரியவன் ஹார்பர்ல மூட்டை தூக்கறான், நல்லா துன்றான், அவனுது தான் இது. டாக்டருங்க பாக்கறது, எங்க வூட்டு மானம் போவக் கூடாது பாரு!"

ஜன்னலாண்ட

எனக்கு சுர்ருனு ஏறிச்சு. "அண்ணனுது வேணாம். மெர்சியோடது தான் வேணும். மனநல டாக்டரம்மாவும் அவளைப் பாக்கணும்"னேன். "பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரா? தெருவுல தெரிஞ்சா எவன் கட்டுவான் அவளை? கெளம்பு!"ன்னு கதவைச் சாத்திட்டாங்க.

நான் வுடுவேனா? புது டப்பா ஒண்ணை ஜன்னல்ல வச்சுட்டு வந்தேன். அந்தப் பக்கம் போறப்பல்லாம் ஜன்னலாண்ட நின்னு, "மெர்சி, உன்னுது தான் வேணும்"னு குரல் குடுப்பேன். தெருவே சிரிச்சுது. சிரிக்கட்டும். அந்தப் பொண்ணு ஏதாவது பண்ணிக்குமோன்னு எனக்கு பயம். டப்பா ஒரு சாக்கு தான், உசுரோட கீதான்னு பாக்கத் தான் போனேன்.

ஒரு நாள் கதவு தொறந்துச்சு. மெர்சி நிக்குது. தலை வாரல, கண்ணு உள்ள போயிருந்துச்சு. பின்னாடி அவங்கம்மா வாயைப் பொத்திகினு அழுவுறாங்க. "டாக்டரம்மாவைப் பாக்க வரேன்க்கா"ன்னுச்சு. டப்பாவை என் கையில வச்சுட்டு சொல்லுச்சு:

"இத்தினி நாளா என்னை யாரும் எதுவும் கேக்கல. நீங்க தான், இதையாவது வுடாம கேட்டுகினே இருந்தீங்க."

குடல் கிருமி இன்னா பண்ணுதுன்னு டாக்டருங்க ஆராய்ஞ்சு முடிக்கட்டும், மூக்கைப் பொத்திகினு கேட்டாலும் சரி, கேட்டா தான் இந்தப் பசங்க வாயைத் தொறக்குதுங்க.