அவள் அழித்த நான்கு வரிகள்

எங்களுக்குப் பிடித்த படத்துக்கு நான்கு பாகங்கள் வந்தன. நான்கிலும் அதே தொந்திக்கார இன்ஸ்பெக்டர், அதே ஓட்டை ஜீப். ஊரிலுள்ள திருடனையெல்லாம் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் திட்டு வாங்குவார். நான்காம் பாகத்தின் முடிவில் அவருக்கு ஒரு போன் வரும். பேசியது யார் என்று சொல்லாமலே படத்தை முடித்துவிட்டார்கள். ஐந்தாம் பாகம் வரவேயில்லை. நானும் என் தங்கையும் அப்போது ரெங்கம் என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நாங்களே எழுத ஆரம்பித்தோம்.

ஒரு நோட்டு, இரண்டு பேனா. ஒரு காட்சி நான், அடுத்தது அவள். சட்டம் ஒன்றுதான்: தாளைக் கிழிக்கக் கூடாது. எழுதியது பிடிக்கவில்லை என்றால் மேலே ஒரு கோடு போடலாம், அடியில் இருப்பது மற்றவளுக்குத் தெரிய வேண்டும். சட்டம் போட்டவள் நான். என்னிடம் எதை மறைத்தாலும் எனக்குப் பொறுக்காது. அவள் கோபத்தில் எழுதினால் பேனா தாளை ஓட்டை போட்டிருக்கும். அழுதுகொண்டு எழுதினால் வரி கீழே இறங்கும். கதைக்கு முன்னால் ஆளைப் படித்துவிடுவேன்.

பிறகு நான் கல்யாணமாகித் தங்காக் ஊருக்கு வந்து துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போனாள். நோட்டு அலமாரிக்குப் போயிற்று. போன வருடம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இருவரும் போனில் திறந்து எழுதுகிற ஒரே கோப்பு. தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்து தட்டுவாள். நான் கடையில் சாப்பாட்டு நேரத்தில் படிப்பேன்.

எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லா எழுத்தும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. யார் எழுதினாலும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

"இதுல உன் மூஞ்சியே தெரியலடி" என்றேன்.

"உன் கையெழுத்துல என்னா தெரிஞ்சிச்சு? கோழி கிண்டுனது தெரிஞ்சிச்சு லா" என்றாள்.

இப்படியே மாதக்கணக்கில் வாதாடினோம். நான் பேனா கட்சி, அவள் போன் கட்சி.

ஒரு திங்கட்கிழமை கைதவறி என் காட்சி ஒன்றை முழுக்க அழித்துவிட்டேன். கடையில் வேலை செய்யும் பெண் சொல்லித்தான் தெரிந்தது, அந்தக் கோப்பில் பழைய வடிவமெல்லாம் நாள்வாரியாக இருக்கும் என்று. என் காட்சியைத் தேடிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். வழியில் தங்கையின் காட்சி ஒன்று வந்தது. இன்ஸ்பெக்டரின் மனைவி துணி மடித்துக்கொண்டே தனக்குத் தானே பேசுகிறாள்.

"மார்புல கட்டி இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை காலையில சதை எடுத்துப் பார்க்கணுமாம். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அக்காகிட்ட எப்படிச் சொல்றது?"

அந்தப் படத்து மனைவிக்கு அக்கா கிடையாது.

அந்த நான்கு வரிகளை மூன்று நாட்கள் மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அழித்திருந்தாள். கடைசியில் அந்த இடத்தில் ஜீப்புக்குள் பூனை குட்டி போட்ட வேடிக்கையை வைத்துவிட்டாள். அதைப் படித்து முந்தின நாள்தான் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்திருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசும்.

நோட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன் என்று முதலில் பொருமினேன். கொஞ்சம் நிதானித்த பிறகுதான் உறைத்தது. நோட்டில் அவள் இதை எழுதியே இருக்க மாட்டாள். கோடு போட்டாலும் நான் படித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அழித்துவிடலாம் என்ற தைரியத்தில்தான் எழுதவே முடிந்திருக்கிறது. அவளுக்கு அப்படி ஒரு இடம் வேண்டியிருந்தது. நான் அதைத் தந்ததே இல்லை.

புதன்கிழமை லீவு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவள் என் பையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"அழிச்சதையெல்லாமா போயி படிப்பாங்க?" என்றாள்.

"தெரியாமப் பார்த்துட்டேன். ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அப்புறம் நான்தான் உன்னைப் பார்த்துக்கணும். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பில்ல, அக்கா."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மை அதுதான். சின்ன வயதிலிருந்தே அவள் காய்ச்சலுக்கு நான் அழுவேன், அவள்தான் என் கண்ணைத் துடைத்துவிடுவாள். உள்ளே போய் அரிசி களைந்தேன். அழுகை வந்தபோது குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

படிப்பவர்களைப் பதற வைக்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பயப்படும்படியான கட்டி இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் எங்கள் இருவருக்கும் அது தெரியாது. ஆஸ்பத்திரியில் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். நான் அழவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததே கிடையாது.

அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து தனியாகவே நடந்தாள். கதவருகில் நின்று, தாதியிடம் மலாயில் மெதுவாக ஏதோ கேட்டாள். தாதி தலையாட்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீயும் உள்ள வரலாமாம்."