கண்ணைப் பொத்தியவர்

நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை; ஊருக்கே அவர் காக்கா, அண்ணன் முறை. சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் பூட்டிக் கிடக்கும் விமான ஓடுபாதையைத் திறந்துவிடுவீர்களா என்று, எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் எழும்பிக் கேட்பவர். சாய்ந்தமருதுக் கூட்டத்திலும் கேட்டார். பதிலுக்கு வேட்பாளரின் ஆட்கள் அவரைத் தரையில் தள்ளி, உட்காரப் போட்டிருந்த கதிரைகளால் அடித்தார்கள். உதடு கிழிந்தது, மண்டை உடைந்தது. அவரோ இரண்டு கைகளாலும் கண்களை மட்டும் பொத்திக்கொண்டு கிடந்தார்.

என் மருந்துக்கடையில் இரத்தத்தைத் துடைத்தபடி கேட்டேன்: “தலைய விட்டுட்டுக் கண்ணப் பொத்தினீங்களே, காக்கா?”

“தல ஒடஞ்சா தைக்கலாம் தம்பி. கண்ணுல பழுதெண்டா லைசன்ஸ் தரமாட்டானுகள். பிறகு பறக்கேலாது.”

கட்டுப் போட்டு முடித்ததும் வாசலில் நின்று கேட்டார்: “அக்கரைப்பற்றுல மற்றக் கட்சிக் கூட்டம் எத்தின மணிக்கு?”

தெரியாது என்று பொய் சொன்னேன். சிரித்துவிட்டு, அக்கரைப்பற்று பஸ்ஸுக்குக் கை காட்டினார்.