மத்திகிரியில் ஒரு கப்பல் வாசல்

காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஒசூர் பேருந்தில் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர் பயணம். சூளகிரி தாண்டியதும் ஜன்னல் காற்று சில்லென்று மாறியது. பக்கத்து இருக்கைக்காரர் அதைக் கண்டுகொள்ளாமல் செல்போனில் கன்னடமும் தெலுங்குமாகப் பேசிக்கொண்டே வந்தார். இது 2006இல்.

கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் பார்க்கத்தான் போனேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் ஆங்கிலேயர் கட்டிய லியாண்டர் வகைக் குரூசர் போர்க்கப்பல்கள்மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். பெரிய போர்க்கப்பலின் கனம் கிடையாது. வேகம் உண்டு, ஆறு அங்குலப் பீரங்கிகள் எட்டு உண்டு. முதலில் கட்டிய ஐந்துக்கும் புகைபோக்கி ஒன்றே ஒன்று, நல்ல அகலமாக. அந்த ஐந்தில் ஒன்றான அக்கிலீஸ், தென்னமெரிக்கக் கரையோரம் ஜெர்மன் கப்பலோடு மோதிய கப்பல். போர் முடிந்தபின் நம் கடற்படைக்கு வந்து ‘டெல்லி’ ஆனது. கடைசியில் பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அதன் கொதிகலன் அறையில் வேலை பார்த்த முனிரத்தினம் மத்திகிரியில் இருக்கிறார், வீட்டுக்குள் கப்பல் வாசல் வைத்திருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

ஒசூரிலிருந்து ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். “கப்பல் வீடுதானே? உள்ள காலத் தூக்கி வெச்சிப் போவணும், பாத்து” என்றார் ஓட்டுநர்.

போர்க்கப்பலில் கதவுகளுக்குக் கீழே ஓர் இரும்புத் தடுப்பு இருக்கும். தாண்டித்தான் போகவேண்டும். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் சட்டென்று அடுத்த அறைக்குப் பரவாது. கடற்படையை விட்டு வந்து, ஒசூரில் பாய்லர் வேலைக்குச் சேர்ந்த முனிரத்தினம், வீடு கட்டும்போது படுக்கையறை வாசலில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் தடுப்பு வைத்துப் பூசிவிட்டார். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி மேலே!

நான் போனபோது கொத்தனார் ஒருவர் சுத்தியலோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் முனிரத்தினம் நின்றிருந்தார். உள்ளே கட்டிலில் முனிரத்தினத்தின் மனைவி சரோஜா. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். வாக்கர் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், அந்தத் தடுப்பைத் தாண்ட முடியாமல் ஒரு மாதமாக அறைக்குள்ளேயே கிடந்தார்.

தடுப்பை உடைக்கத்தான் கொத்தனார் வந்திருக்கிறார் என்று புரிந்ததும் கேமராவை எடுத்தேன். “கொஞ்ச நேரம் பொறுங்க, படம் எடுத்துக்கறேன். அந்தக் கப்பல் ஞாபகமா இது ஒண்ணுதான் இருக்கு” என்றேன்.

“அவருக்கு ஞாபகம், எனக்கு ஜெயிலு. எடுத்துட்டு வழிய விடுங்க சார்” என்றார் சரோஜா.

வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு படம் எடுத்துவிட்டு ஒதுங்கினேன். கொத்தனார் சுத்தியலை ஓங்காமல் முனிரத்தினத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடுப்பா, நானே ஒடைக்கறேன்” என்று வாங்கிக்கொண்டார் முனிரத்தினம். முதல் அடிக்குப் பூச்சுதான் உதிர்ந்தது. என்னைப் பார்க்காமலேயே பேசினார். “வேடிக்கைக்குக் கட்டல சார். ஊருக்கு வந்த புதுசுல சமதரையில படுத்தா தூக்கமே வராது. எங்கியோ தண்ணி ஏறுதுன்னு எழுந்து உக்காந்துக்குவேன். இதக் கட்டினப்புறந்தான் தூங்கினேன்.”

சரோஜாவுக்கும் இது புதுச் செய்தி என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பதினொன்றரைக்கு வாசல் தரையோடு தரையானது. கொத்தனார் ஈரச் சாக்கு போட்டுத் துடைத்தார். சரோஜா வாக்கரைத் தள்ளிக்கொண்டு மெல்ல வெளியே வந்து, கூடத்து நாற்காலியில் வெயில் படும்படி உட்கார்ந்தார். முனிரத்தினம் சுத்தியலைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றார்.

“இனி தண்ணி வந்தா?” என்றார், பாதி சிரிப்பாக.

“வந்தா ரெண்டு பேரும் சேந்து நனைவோம். போயி காபி போடுங்க.”

திரும்பிப் போக நினைத்திருந்த பன்னிரண்டு மணிப் பேருந்தை விட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன்.