டை கட்டிக்கொண்டு ராஸ் அல் கைமா போனது

2007 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஏழேகாலுக்கு, டை கட்டுவது என்று முடிவெடுத்தேன். அவசர முடிவு அல்ல. வியாழன் மாலையிலிருந்து இரு தரப்பு வாதங்களையும் கேட்டிருந்தேன். ஷார்ஜாவில் எம்.பி.ஏ. முதல் வருடம். ஞாயிறன்று வகுப்பில் செமினார், டை கட்டாயம். பெரம்பலூர்ப் பள்ளியில் நான் கட்டியது எலாஸ்டிக் வைத்தது. இது முடிச்சுப் போடுவது. ஒரு நாளாவது கட்டிப் பழகாவிட்டால் மேடையில் மூச்சு முட்டும்.

பயணத்தின் காரணம் வேறு. விடுமுறை முடிந்து கிளம்பும்போது பக்கத்து வீட்டு ஜெயந்தி அக்கா ஒரு பார்சல் கொடுத்திருந்தார்: எள்ளுப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு காதுகுத்துப் பத்திரிகை. பத்திரிகையில் எல்லாம் அச்சாகியிருந்தது, தேதியைத் தவிர. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் அக்காவின் பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும். மாமன் செல்வம் ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரியில் வேலை பார்க்கிறார். அவருக்கு லீவு கிடைக்காமல் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது.

"தேதிய அவனயே எழுதச் சொல்லு தம்பி. இந்தச் சித்திரையும் போச்சுன்னா பாப்பாவுக்கு நாலு வயசாயிரும். ரெட்டப்படையில குத்த மாட்டாங்க" என்றார் அக்கா.

ஷார்ஜா ஷேர் டாக்ஸி நிலையத்துக்கு 8.10-க்குப் போனேன். வண்டி நிறைந்தால்தான் கிளம்பும். பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் என் கழுத்தைப் பார்த்தார். முன் இருக்கையில் முக்கால் மணி நேரமாக இடம் பிடித்து உட்கார்ந்திருந்த பெரியவரை இறக்கிப் பின்னால் அனுப்பிவிட்டு, "ஆவோ சாப், ஆகே பைட்டோ" என்றார். நான் மறுத்தேன். பெரியவரும் சேர்ந்து வற்புறுத்தினார். கட்டணம் 15 திர்ஹாம். டைக்குத் தனியாக வாங்கவில்லை. 9.05-க்குக் கிளம்பி 85 கிலோமீட்டரை 10.10-க்குக் கடந்தோம். இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை. காரில் உட்கார்ந்தபடி ஹாரன் அடித்தால் டீ வருகிறது. நடந்து போனவனுக்குத்தான் தாமதம். ஒரு திர்ஹாம்.

அங்கிருந்து குவாரி கேம்ப் 25 கிலோமீட்டர். தனி டாக்ஸி, 25 திர்ஹாம். வலப்பக்கம் மொட்டை மலைகள், பாதி வெட்டிய கேக் மாதிரி.

10.50-க்கு கேட்டில் இறங்கி, வழக்கம்போல் நோட்டை எடுத்து நேரத்தையும் தூரத்தையும் குறித்தேன். இதைப் படிக்கும் உங்களுக்காகத்தான். வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்துவிட்டு உள்ளே ஓடினார். கேம்ப்பைக் கவனிக்கும் கொல்லத்துக்காரர் பாபு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"சார் எவிடுந்நா?"

"ஷார்ஜாலேருந்து."

கம்பெனியின் தலைமை அலுவலகமும் ஷார்ஜாவில்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். செல்வத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். கேட்காமலே தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். பாசி இருந்தது. மூடி எங்கே என்று கேட்டேன். வியர்த்துவிட்டது அவருக்கு.

பதினான்காம் அறையில் எட்டுப் பேர் முழங்காலில் கைவைத்துக் கட்டில்களில் உட்கார்ந்திருந்தார்கள். அறையில் சமைக்கக் கூடாது என்று சுவரில் நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. மீன் குழம்பு மணத்தது. கட்டிலுக்கடியில் ஏதோ கொதித்தது. பாபு வெளியே நின்றுகொண்டார். கதவைச் சாத்திவிட்டு, "செல்வண்ணே, ஜெயந்தி அக்கா பார்சல்" என்றேன்.

"அட, வாத்தியார் வீட்டுத் தம்பியா? செக்கிங்குன்னு சொல்லி ஒரு கரண்டி கொழம்பக் கொட்டிட்டோம்டா!" என்றார் செல்வம் அண்ணன்.

"யோவ் செல்வம், ஒன் விருந்தாளியால எங்களுக்கு உசுரே போச்சுய்யா" என்றார் மேல்கட்டில்காரர். அடுப்பு வெளியே வந்தது.

செல்வம் அண்ணன் பத்திரிகையைப் பிரித்தார். தேதி இல்லாத இடத்தை விரலால் தடவினார். "அப்ளிகேஷன் குடுத்து நாலு மாசம். ஆள் பத்தாதுங்கிறாரு பாபு. கேட்டா, நோக்காம் நோக்காம், பாக்கலாம் பாக்கலாம்னு ஒரே பதில். நான் என்னத்த எழுதுறது?"

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது பாபு அதே இடத்தில் நின்றார்.

"எந்தெங்கிலும் கம்ப்ளைன்ட் உண்டோ சார்?"

இல்லை என்றேன். திரும்பும் வண்டி நேரத்தைக் குறிக்க நோட்டைத் திறந்தபோது, வாயில் வேறு கேள்வி வந்தது. "செல்வத்தோட லீவு அப்ளிகேஷன் எங்க இருக்கு?"

"என்டெ மேசையில உண்டு சார். நாளைக்கே அயக்காம்."

'நாளை அனுப்புவார்' என்று எழுதிக்கொண்டேன். நான் எழுதுவதை அவர் பார்த்தார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. டை சொன்னதற்கு நான் பொறுப்பா என்று திரும்பும் வழியில் உம் அல் குவைன் வரை யோசித்தேன்; பிறகு தூங்கிவிட்டேன்.

இந்த ஊரில் சட்டையின் நிறம் பார்த்துத்தான் ஆளை அளக்கிறார்கள். நீலம் என்றால் ஹெல்பர், வெள்ளை என்றால் ஆபீஸ். முன் இருக்கையிலிருந்து இறங்கிய பெரியவர் இருபது வருடமாக இங்கே இருப்பவராம். இடம் போனதற்காக வழியில் அவர் ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குமேல் தொழுகை முடியும்வரை வண்டி நிறையாது, முன்னதாகப் போய்விடுங்கள். கேம்ப்புக்குப் போனால் சாதாரணச் சட்டை போதும். மீன் குழம்பு சாப்பிடும்போது டையைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், நான் போடவில்லை.

கறை போகவில்லை. ஞாயிறன்று டை இல்லாமல் செமினாருக்குப் போனேன். ஐந்து மார்க் குறைத்தார்கள். சித்திரை இருபத்தேழாம் தேதி பாப்பாவுக்குக் காது குத்தினார்கள்.